இடுப்புக்குப் போன கை

நான் சிங்கப்பூர்ல ஆக்ஸிலரி போலீஸா, அதாவது துப்பாக்கி வெச்சுக்கிட்டுக் காவல் பார்க்கற துணைப் போலீஸா, ஒன்பது வருஷம் இருந்தேன், பாதி நாள் பணம் ஏத்திட்டுப் போற வண்டியில, மீதி நாள் கேட் டியூட்டி. இடுப்புல ரிவால்வர், அஞ்சு ரவுண்ட் குண்டு. இப்ப மூணு வருஷமா ஒரு காண்டோல, தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புல, செக்யூரிட்டி சூப்பர்வைசர், டார்ச்சும் வாக்கி டாக்கியும் தவிர கையில ஒண்ணும் கிடையாது. ரெண்டையும் பார்த்தவன்தான், ஆனா போன தீபாவளிக்கு மச்சினன் போன்ல கேட்ட கேள்விக்கு என்னால சட்டுனு பதில் சொல்ல முடியல.

அவன் இருக்கிறது ஹூஸ்டன்ல. கிரீன் கார்டு வந்து வீடும் வாங்கிட்டான், மூணு வயசுல ஒரு பொண்ணு. ரெண்டு வீடு தள்ளி ராத்திரில திருடன் கதவை உடைச்சிருக்கான், அதுலேந்து தூக்கமே இல்லையாம். "அத்தான், ஒரு கன் வாங்கி வெச்சுக்கலாம்னு இருக்கேன், நைன் எம்எம் பிஸ்டல் நல்லதா ஷாட்கன் நல்லதா, நீங்கதான் இதெல்லாம் கையில புடிச்சவராச்சே"ன்னு கேட்டான்.

அங்க அது சாதாரணக் கேள்வி. கடையில ஃபார்ம் எழுதிக் கொடுத்து, பின்னணி சோதனை முடிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடலாம். 2021 செப்டம்பர்லேந்து டெக்ஸாஸ்ல 21 வயசு ஆன பெரும்பாலானவங்க லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வெச்சுக்கிட்டு வெளிய நடக்கலாம். வீட்டைக் காப்பாத்திக்க கைத்துப்பாக்கி வெச்சுக்கறது தனிமனித உரிமைன்னு அவங்க சுப்ரீம் கோர்ட்டே 2008ல ஹெல்லர் கேஸ்ல சொல்லிடுச்சு. இங்க நம்ம கதை வேற. 1973ல வந்த ஆயுதக் குற்றச் சட்டப்படி அனுமதி இல்லாம துப்பாக்கி வெச்சிருந்தாலே அஞ்சுலேந்து பத்து வருஷம் ஜெயில், குறைஞ்சது ஆறு பிரம்படி. ஆளைக் காயப்படுத்தற எண்ணத்தோட சுட்டா, குண்டு யார் மேலயும் படலைன்னாலும் தூக்கு. அதனால எந்த கன் வாங்கலாம்னு இங்க யாரும் யாரையும் கேக்கறதில்ல. ஆனா ஆபத்துல ஆளைக் காப்பாத்தறது துப்பாக்கியா பயிற்சியாங்கிற கேள்வி ஒன்பது வருஷமா என் இடுப்புலயே தொங்கிட்டு இருந்துச்சு.

ஷிஃப்ட் ஆரம்பத்துல ஆர்மரி, அதான் ஆயுதம் வெக்கிற அறை, அதோட ஜன்னல்ல துப்பாக்கியை வாங்கணும், சிலிண்டரைத் திறந்து வெளிச்சத்துல காட்டணும், ரவுண்டை ஒவ்வொண்ணா உள்ளங்கையில எண்ணணும், கையெழுத்துப் போடணும். முடிஞ்சு வரும்போது அதே அஞ்சை எண்ணித் திருப்பிக் கொடுக்கணும். அந்தப் பித்தளை கை சூட்டுல லேசா வெதுவெதுன்னு இருக்கும், இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. துப்பாக்கியை யாரும் வீட்டுக்குக் கொண்டு போறதில்ல, அது வேலை இடத்துலயே தங்கிடும். நம்மகூட வீட்டுக்கு வர்றது கைப்பழக்கம் மட்டும்தான்.

ரேஞ்ச்ல நின்ன இடத்துலேந்து சுட்டப்ப எல்லாம் எனக்கு நல்ல ஸ்கோர். ஒரு தடவை எங்க டிரெய்னர் ஓடவிட்டு, தண்டால் எடுக்க வெச்சு, மூச்சு வாங்கிட்டு இருக்கும்போதே சுடச் சொன்னாரு. அதே கை, அதே துப்பாக்கி, அதே தூரம், அஞ்சுல ரெண்டு பேப்பர்லயே படல. பக்கத்து லேன்ல அவர் "நிறுத்து"ன்னு கத்தினதுகூட என் காதுல விழல. இத்தனைக்கும் எங்களைத் திருப்பிச் சுட அங்க யாரும் இல்ல. நியூயார்க் போலீஸ் பத்தி ராண்ட்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம் பண்ணின ஆய்வு ஒண்ணு இருக்கு, 1998லேந்து 2006 வரைக்கும் எதிராளியும் திருப்பிச் சுட்ட சண்டைகள்ல போலீஸ்காரங்க சுட்டது நூத்துக்குப் பதினெட்டுதான் பட்டிருக்கு. அதைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமாவே இல்ல. அவங்க பயிற்சி எடுத்தவங்க, அதையே வேலையா செய்யறவங்க. தூக்கக் கலக்கத்துல எழுந்து, கண்ணாடி போடாம, இருட்டுல நிக்கிற ஒரு அப்பாவுக்கு எவ்வளவு படும்?

சரி அப்ப பயிற்சிதான் முக்கியம்னு சொல்லிட்டுப் போயிடலாம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன், ஆனா எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயம் அதையும் மாத்திடுச்சு.

ஆக்ஸிலரி போலீஸை விட்டு ஆறு மாசம்கூட ஆகல. நாங்க ஈஷூன்ல நாலறை வீடு, பதினோராவது மாடி. ராத்திரி மூணு மணி இருக்கும், இரும்பு கேட்ல யாரோ சாவி போட்டுத் திருகற சத்தம். நான் எழுந்து ஹாலுக்கு வந்துட்டேன். பாதம் பிரிஞ்சு, முட்டி லேசா மடங்கி நிக்கிறேன், வலது கை தானா இடுப்புக்குப் போயிடுச்சு. அங்க கைலி முடிச்சுதான் இருக்கு. ரெண்டு மூணு செகண்ட் அப்படியே நின்னேன், மண்டையில அடுத்து ஒண்ணுமே வரல. ஒன்பது வருஷம் படிச்சதெல்லாம் அந்த ஹோல்ஸ்டரைத் திறக்கறதுலேந்துதான் ஆரம்பிக்கும், ஹோல்ஸ்டர் இல்லைன்னா என்ன செய்யணும்னு என் உடம்புக்குத் தெரியல.

என் மனைவி என்னைத் தாண்டிப் போனா. லைட்டைப் போட்டா, மரக்கதவைத் திறக்கல, பக்கத்து ஜன்னல் வழியா காரிடாரை மட்டும் பார்த்தா. அவ முதியோர் இல்லத்துல நர்ஸ், பதினாலு வருஷமா நைட் ஷிஃப்ட் பார்க்கறவ. "என்னங்க, சாவி புடிச்சிருக்கிற விதத்தைப் பாருங்க, இவருக்கு ஞாபகம் தப்புது"ன்னு மெதுவா சொன்னா. அப்புறம் ஜன்னல் வழியாவே "அங்கிள், சியாக் பா புவே?"ன்னு கேட்டா, சாப்டீங்களான்னு, அவளுக்குத் தெரிஞ்ச நாலு ஹொக்கியன் சீன வார்த்தையில ஒண்ணு அது. அந்தப் பெரியவர் திருகறதை நிறுத்திட்டு அவளையே பார்த்தாரு. பன்னெண்டாவது மாடி, நம்ம நேர் மேல் வீடு. லிஃப்ட்ல ஒரு பட்டன் மாறி அழுத்தியிருக்காரு, அவ்வளவுதான். நாங்க கூட்டிட்டுப் போய் விட்டப்ப அவர் மகன் செருப்புகூடப் போடாம லிஃப்ட்டுக்கு ஓடி வந்துட்டு இருந்தாரு.

அன்னிக்கு என் இடுப்புல அந்த அஞ்சு ரவுண்ட் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் இன்னும் நினைச்சுப் பார்க்கறேன். சுட்டிருக்க மாட்டேன்னுதான் நம்பறேன். ஆனா என் உடம்பு முதல்ல எதைத் தேடுச்சுன்னு எனக்குத் தெரியுமே. வேலைக்குன்னு எடுத்த பயிற்சி வீட்டு வாசல்ல தப்பான பயிற்சி, அந்த வாசலுக்குத் தேவையான பயிற்சி அவகிட்ட இருந்துச்சு.

காண்டோல புதுசா வர்ற ஆபீசர்களுக்கு நான் இப்ப இதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கறேன். சந்தேகமா ஒருத்தரைப் பார்த்தா கிட்டப் போகாதே, வெளிச்சத்துல நில்லு, பின்னாடி வழி இருக்கான்னு பாரு, பேசு, பேசிக்கிட்டே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லு, போலீஸுக்கு 999 கூப்பிடறதுக்கு வெக்கப்படாதே. வாயால சொன்னா பத்தாது, ராத்திரி ரெண்டு மணிக்கு கார்பார்க் பி2ல வெச்சு நடிச்சுக் காட்டச் சொல்வேன். சிலருக்குக் கடுப்பாத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

மச்சினனுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கூப்பிட்டேன். வாங்காதேன்னு சொல்லல, அவன் ஊர், அவன் பயம், இங்க பதினோராவது மாடில உக்காந்துக்கிட்டு நான் அதைச் சின்னதா பேசக்கூடாது. முதல்ல கதவு சட்டத்தைப் பலப்படுத்து, பூட்டு தகட்டுக்கு நீளமான ஸ்க்ரூ போடு, வாசல்ல லைட் வை, எல்லாரும் ஓடி வந்து சேர ஒரு ரூமை முடிவு பண்ணு, அதுக்குள்ள ஒரு போனைச் சார்ஜ்ல போட்டு வைன்னு சொன்னேன். கன் வாங்கறதா இருந்தா லாக் பெட்டியும் பயிற்சி கிளாஸும் அதுக்கு முன்னாடி. குண்டு போட்ட துப்பாக்கியை அசால்ட்டா வெச்சு, அது பதினேழு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கைக்குப் போயிடுச்சுன்னா டெக்ஸாஸ்லயே அது குற்றம்.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தேன். 1983ல டென்னிஸ் ட்யூலர்னு சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் ஒருத்தர் எழுதினது: கத்தி வெச்சிருக்கறவன் 21 அடியை சுமாரா ஒன்றரை செகண்ட்ல ஓடிக் கடந்துடுவான், ஹோல்ஸ்டர்லேந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். எங்க வீட்டுல வாசல்லேந்து பெட்ரூம் வரைக்கும் டேப் புடிச்சேன், 19 அடி. உன் வீட்டுல அளந்து பாருன்னேன். அளக்கும்போது இன்னொண்ணையும் பாருன்னேன், ஜெஃப் கூப்பர்ங்கிற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் சொன்ன நாலு விதியில கடைசி விதி, குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம சுடாதேங்கிறது. அங்க உள் சுவரெல்லாம் ஜிப்சம் போர்டு, குண்டு துளைச்சுக்கிட்டுப் போயிடும்.

மறுநாள் காலையில ஒரு போட்டோ வந்துச்சு. கார்பெட் மேல மஞ்சள் டேப் நீளமா கிடக்கு, ஓரத்துல பாப்பாவோட ஒத்தைச் செருப்பு. கீழ எழுதியிருந்தான்: "அத்தான், 26 அடி. என் கட்டில்லேந்து முன் கதவைப் பார்த்து நின்னா நேர் கோட்டுல பாப்பா ரூம்."

கிளாஸுக்குப் பேர் கொடுத்துட்டான், கதவுக்கு ஆள் வர்றாங்களாம். கன் இன்னும் வாங்கல.