நாரிப் பிடிப்பு

"பொடியா, மூட்டையை வயித்தோட அணைச்சுத் தூக்கு. கையை நீட்டித் தூக்கினா நாரி போயிடும்."

இன்று பரந்தனில் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் ஏற்றிக்கொண்டிருந்த அண்ணை, புதிதாக வந்த பொடியனுக்குச் சொன்னது.

மூட்டை எப்படியும் 70 கிலோவுக்குக் கிட்ட வரும். தூக்கமுதல் துவாயை நாரியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுகிறார், நாலைந்து மூட்டை ஏறியதும் அவிழ்த்து முகம் துடைக்கிறார், பிறகு அதே ஈரத் துவாயை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்.

ஓர் ஆண் சுமக்க 55 கிலோதான் உச்சம் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. சாக்குத் தைப்பவருக்கு யார் சொல்வது?

சுமை உடம்பை விட்டுத் தள்ளிப்போகப் போக முள்ளந்தண்டில் விழும் பாரம் கூடும். அண்ணை அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நொந்து தெரிந்துகொண்டார்.

என் தங்கச்சிக்கு ஆடைத் தொழிற்சாலையில் பாரமே இல்லை, ஊசியைப் பார்த்தபடி குனிந்த கழுத்துத்தான். ஆனாலும் பின்னேரம் வந்ததும் நோவுக்குப் பூசும் சித்தாலேப போத்தலோடு அம்மாவிடம்தான் போவாள். (கதிரையில் இருந்தே முதுகு பிடித்த என்னைப் பற்றி வேண்டாம்.)

"நோகேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லைத் தம்பி. படுத்தாப் பிறகுதான்."