அட்டை நிழல்பெட்டி: கத்திக்கு முன்னம் வெளிச்சம்

போகிமொன் விளையாட்டு அட்டைகளை அடுக்கடுக்காக வெட்டி ஆழம் தெரிய ஒட்டும், முன்னால் கண்ணாடி போட்ட நிழல்பெட்டிக்கு விளக்கும் வேண்டுமென்றால், அதைக் கடைசியில் சொருகலாம் என்று விடக்கூடாது. அசல் அட்டையின் தாள்களுக்கு நடுவே கறுப்புப் படை ஒன்று உண்டு. பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சத்தை அது மறித்துவிடும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, அடுக்குகளின் இடைவெளிக்குள்தான் விழவேண்டும். பெட்டியின் அளவையே இதுதான் தீர்மானிக்கிறது.

ஒரே படத்தில் 5 அட்டை எடுங்கள். விலை குறைந்தவையே போதும். முதலாவது முழுதாக இருக்கட்டும். இரண்டாவதில் வானத்தையும் தூரத்துக் காட்சியையும் வெட்டி எடுங்கள், மூன்றாவதில் நிலத்தை, நாலாவதில் ஓரச் சட்டத்தோடு உருவத்தை மட்டும் விடுங்கள். ஐந்தாவதிலிருந்து முன்னுக்கு நீட்டும் கை, வால் போன்ற துண்டுகள். நாலாவது வரை ஓரச் சட்டத்தை வெட்டவேண்டாம், அடுக்கைத் தாங்குவது அதுதான். உள்ளே இருக்கும் சின்னத் துளைகளை முதலில் வெட்டுங்கள். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் பிடிக்க இடமிராது. வளைவில் கத்தியை அல்ல, அட்டையைத் திருப்புங்கள். முனை மழுங்கினால் தாள் பிய்ந்து வெள்ளை நார் தெரியும், விளக்குப் போட்டதும் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். வெட்டிய ஓரத்தைப் பின்பக்கமிருந்து கறுப்பு மார்க்கரால் தொட்டுவிடுங்கள்.

அட்டை 63 × 88 மில்லிமீற்றர். பெட்டியின் உள்ளளவு 83 × 108, ஆழம் 20. சுற்றிவர 10 மில்லிமீற்றர் வெளி விளக்குக்கு. முன் சட்டத்தின் திறப்பு 61 × 86 என்றால் விளக்கு கண்ணில் படாது. முதலாம் இரண்டாம் அடுக்குகளுக்கிடையே 6 மில்லிமீற்றர், மற்றவற்றுக்கு 2. இந்த இடைவெளிக்கு, இருபக்கமும் ஒட்டும் ஸ்பொஞ்ச் ரேப்பை நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டுங்கள். நீளமாக ஒட்டினால் அதுவே மதிலாகி வெளிச்சத்தை மறிக்கும். அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

பக்கத்துக்கு ஒன்றாக 3 மில்லிமீற்றர் வெள்ளை எல்.ஈ.டி நான்கு போடுங்கள். 5 வோல்ற் போன் சாஜரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 220 ஓம் தடையி (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு உறுப்பு). ஏறத்தாழ 9 மில்லிஅம்பியர் ஓடும். நாலுக்கும் ஒரே தடையி போட்டால் ஒன்று பிரகாசமாக எரியும், மற்றது மங்கும். எல்.ஈ.டியின் தலையைச் சாண்ட்பேப்பரில் தேய்த்து மங்கலாக்குங்கள், இல்லாவிட்டால் வட்டப் பொட்டாக விழும். கரண்ட் இல்லாத நேரம் பவர் பாங்கில் போட்டால் சில வகை தானாக நின்றுவிடும்: இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் போன் நிறைந்துவிட்டதென்று எடுத்துக்கொள்கின்றன.

சட்டத்துக்குத் தச்சுப்பட்டறையில் தேக்குத் துண்டு கேளுங்கள். பாலை, முதிரை போன்ற கடின மரம் என்றால் துளை போடாமல் ஆணி அடிக்கவேண்டாம், வெடிக்கும்.

வன்னியின் மாரியில் மினுங்கும் அட்டைகள் மினுக்கப் பக்கமாக வளையும். தாள் ஈரம் குடித்து விரிய, மினுக்கப் படை விரியாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட காலத்தில் மறுபக்கம் வளையும். வெட்டுமுன் சில நாள் பாரம் வைத்து, மழையில்லாத நாளில் பெட்டியை மூடுங்கள். மாப்பசை வேண்டாம், பூச்சி அரிக்கும். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். வெள்ளைப் பசையே நல்லது. புழுதி புகாதபடி கண்ணாடி ஓரத்தை ரேப்பால் அடையுங்கள். பின் பலகையை மட்டும் ஒட்டாமல் 4 திருகாணியில் பூட்டுங்கள், எல்.ஈ.டி ஒன்று போனால் அந்த வழியால்தான் மாற்றவேண்டும்.