ரெண்டு ஸ்பேஸ்

"சார், ஆன்சர் கரெக்டாதான் வருது, ஆனா 0 மார்க் காட்டுதே, இன்னா சார் இது?"

இன்னைக்கு லேப்ல ஃபர்ஸ்ட் இயருக்கு சி புரோகிராமிங் எக்ஸாம், பேப்பர் இல்ல, கம்ப்யூட்டர்லயே. குடியாத்தத்துலேர்ந்து பஸ்ல வர்ற பொண்ணு, கீபோர்ட பாத்து பாத்து ரெண்டே விரல்ல தட்டிகினு இருந்தா. வேலூர் வெயிலுக்கு ஃபேன் வேற சும்மா பேருக்கு சுத்துது.

எட்டிப் பாத்தேன். கேள்வியில 'டோட்டல் = 15'னு இருக்கு, அவ ஸ்கிரீன்ல 'டோட்டல்=15'.

அவ்ளோதான். நாங்க வச்சிருக்கற சாஃப்ட்வேர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாக்கும், கருணையெல்லாம் கெடையாது.

பேப்பரா இருந்தா நானே ஃபுல் மார்க் போட்ருப்பேன். ஆனா இன்புட் வாங்கற ஸ்கேன்எஃப் வரியில அந்த ஆண்ட் குறிய (&) விட்டவனுக்கும் சேத்துதான் போட்ருப்பேன் (கட்டு கட்டா திருத்தும்போது யாரு கவனிக்கறா), மிஷின்ல அது வார்னிங்கோட கம்பைல் ஆயிடும், அதாவது மிஷின் பாஷைக்கு மாறிடும், ரன் பண்ணா அப்படியே படுத்துக்கும், பையன் அங்கயே தேடித் தேடி கண்டுபுடிப்பான். அது நல்லதுதான். வீட்ல லேப்டாப் இருக்கறவனுக்கும் இங்க வந்துதான் கீபோர்ட தொடறவளுக்கும் அதே 1 மணி நேரம்ன்றதுதான் உறுத்துது.

எதுவும் சொல்லாம கேள்வியில விரல வச்சு காமிச்சேன். கொஞ்ச நேரம் முழிச்சா. ஸ்பேஸ் பார்ல ரெண்டு தட்டு, பச்சை டிக்.

"இதுக்கா சார் 20 நிமிஷம் போச்சு"ன்னு என்னைய மொறைக்கறா.