சுட்டவர்களை நகராட்சிக்கு அழைத்த ஊர்

துப்பாக்கிச் சூடு என்றதும் 'இன்னும் நாலு போலீஸ் வண்டி விடுங்க' என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகராட்சி வேறு வழியில் போனது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். 2007-இல் மட்டும் 47 கொலைகள். அந்த ஆண்டுதான் துப்பாக்கிச் சூட்டைத் தடுக்க, காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத தனி அலுவலகம் ஒன்றைத் திறந்து டெவோன் போகன் என்பவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் களப்பணிக்கு எடுத்தவர்கள் அதே தெருக்களை அறிந்தவர்கள், சிறைக்கும் போய் வந்தவர்கள். எவன் எவனைத் தேடி அலைகிறான் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

2010-இல், சுடக்கூடியவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டும் வழக்கில் சிக்காத இளைஞர்களைத் தேடிப்பிடித்து நகராட்சிக் கட்டடத்துக்கே அழைத்தார்கள். விடாமல் பேச்சு, வேலைக்கு உதவி, மனநல ஆலோசனை. ஒழுங்காக நடந்தால் மாதம் ஆயிரம் டாலர் வரை உதவித்தொகை. வெளியூர்ப் பயணமும் உண்டு, ஆனால் எதிர்க்கோஷ்டிக்காரனோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஒருத்தனை ஒருத்தன் கொல்லத் திரிந்தவர்கள் ஒன்றாகப் பயணம் போகிறார்கள்! இதை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

'கொலைகாரனுக்குக் காசா?' என்ற கோபம் அங்கேயும் கிளம்பியது. அந்தப் பணம் நன்கொடையாக வந்தது என்றாலும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டால் எனக்கும் பதில் வராது. ஆனால் 2014-இல் கொலைகள் 11 ஆகக் குறைந்தன. முழுக்க இந்தத் திட்டத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில் காவல்துறையும் மக்களோடு நெருங்கிப் பழக ஆரம்பித்திருந்தது. பின்னாளில் சாக்ரமெண்டோ, ஸ்டாக்டன் நகரங்களும் இதே திட்டத்தைக் கையில் எடுத்தன.