சாவி ஆஃபில்தான் இருக்கிறது, ஆனாலும்…

செஸ்னா 172 மாதிரி சின்ன விமானத்தில் பேட்டரி இறங்கிப்போனால், "புரொப்பல்லரைக் கையால சுத்தி விட்டுடலாமே" என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோ என்ற காந்தக் கருவி தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி தேவையில்லை.

வில்லங்கமும் அங்கேதான். வீட்டு சுவிட்சை ஆஃப் செய்தால் இணைப்பு அறும். இங்கே நேர்மாறு: ஆஃபில் வைத்தால்தான் ‘பி-லீட்’ என்ற கம்பி வழியாக மேக்னெட்டோ எர்த் ஆகி அடங்கும். அதிர்வில் அந்தக் கம்பி அறுந்தாலோ, சுவிட்சின் உள்பகுதி தேய்ந்தாலோ, சாவி ஆஃபில் இருக்கும், மேக்னெட்டோவுக்கு உயிர் இருக்கும். சிலிண்டரில் மிஞ்சிய பெட்ரோல் ஆவி போதும். பிளேடைச் சற்று நகர்த்தினாலே எஞ்சின் ஒரு சுற்று அடித்துவிடும்.

எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ. 1,700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,700 சுற்று) ஒன்றை அணைத்து மற்றதை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்கும்போது வேகம் கொஞ்சம் இறங்கியாக வேண்டும். பழைய 172-களில் இந்த இறக்கத்துக்கு உச்சவரம்பு 125 ஆர்பிஎம். துளியும் இறங்காவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், அணைத்த மேக்னெட்டோ எர்த் ஆகவில்லை என்ற சந்தேகம் வரவேண்டும். எஞ்சினை அணைக்கும் முன், ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) சாவியை ஒரு நொடி ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திருப்புங்கள். எஞ்சின் தடுமாறாமல் ஓடினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கையால்தான் கிளப்பியாக வேண்டுமா? வாலைக் கயிற்றால் கட்டுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே பிரேக்கை மிதித்தபடி விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பயணியை உட்காரவைப்பது கணக்கில் சேராது. சரளையிலும் சேற்றிலும் நிற்கக் கூடாது. உள்ளங்கையைப் பிளேடின் மேல் தட்டையாக வையுங்கள், விரல்களை மடக்காதீர்கள். இழுத்த வேகத்திலேயே உடம்பு பின்னால் போக வேண்டும்.

பெரும்பாலும் கெடுப்பது த்ராட்டில், அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி. நாலைந்து முறை இழுத்தும் கிளம்பாது. பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று த்ராட்டிலை நன்றாகத் திறந்து சுற்றுவார்கள். திரும்ப மூட மறந்துபோகும். அடுத்த இழுப்பில் எஞ்சின் முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஆளில்லாவிட்டால் விமானம் தானே ஓடி, பக்கத்தில் நிற்கும் விமானத்தில் போய் மோதும்.

இவ்வளவும் செய்து கிளப்பினாலும், முற்றிலும் செத்த பேட்டரியோடு ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் வேலை செய்யாது. அதற்குத் தொடக்க மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். ரேடியோ இருக்காது. ஆரம்பகால 172-கள் தவிர மற்றவற்றில், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பும் மின்சாரத்தில்தான் இயங்கும்.