"நல்ல வேலைதான் டீச்சர்"

ஆசாரி அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னது மூன்றே வார்த்தை: "நல்ல வேலைதான் டீச்சர்." மேசை விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். சொன்ன கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் அளவெடுக்கப் போய்விட்டார்.

அந்த மேசை அவர் செய்ததில்லை. எங்கள் பட்டறையில் யாருமே செய்ததில்லை. மலேசியாவிலிருந்து தனித்தனிப் பாகமாக அட்டைப்பெட்டியில் வந்த ரப்பர் மர மேசை, கூடவே ஆறு நாற்காலி. கடையில் வைத்துத் திருகு பூட்டி நிறுத்தியது நான். டீச்சருக்கு அது தெரியாது. "நீங்க செஞ்சதுதான் ஆசாரியாரே, பாருங்க. ஏழு வருசத்துல ஒரு ஆட்டம் இல்ல" என்று அவர் மனம் நிறைந்து சொன்னதற்குத்தான் அண்ணாச்சி அப்படிப் பதில் சொன்னார். போன மாதம் நடந்தது இது. அன்றிலிருந்து அந்த மூன்று வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாரா? என்னைக் குத்தச் சொன்னாரா? இல்லை, ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் வேலையைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொன்னாரா?

2018 ஆடி மாதம் டீச்சர் கடைக்கு வந்தபோது கேட்டது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "இது நம்ம பட்டறையில செஞ்சதா தம்பி?" நான் சொன்னது: "நம்ம கடைச் சரக்குதான் டீச்சர்." அவர் கேட்டது பட்டறையைப் பற்றி. நான் பதில் சொன்னது கடையைப் பற்றி. பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிடமே மனதுக்குள் ஒரு கணக்கை முடித்துக்கொண்டேன்.

நியாயம் சொல்ல எனக்கும் இருக்கிறது. ஆறு பேர் உட்காரும் தேக்கு செட்டுக்கு, மேசையும் நாற்காலியும் சேர்த்து, ஒன்பது கன அடி மரமாவது வேண்டும். அன்றைக்கு நான் வாங்கிய விலையில் மரத்துக்கு மட்டும் இருபத்தேழாயிரம் போனது. மலேசிய செட்டை நான் விற்ற விலையோ 29,500. மரம் வாங்கிய காசிலேயே அவர்கள் மேசையைச் செய்து, பாலிஷ் போட்டு, கப்பல் ஏற்றி, என் கடை வாசலில் இறக்கிவிடுகிறார்கள். மலேசியாவும் சேர்ந்த ஆசியான் நாடுகளோடு செய்த வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த காலத்தில் அப்பா கடையில் இருந்தார். "அவன் மேசை நம்ம ஊர் வரைக்கும் வருமாக்கும்" என்றார். வந்தது. அந்த ஆடியில் பட்டறையில் நாலு பேருக்குச் சம்பளம் பாக்கி. முன்வரிசையில் வெளிநாட்டு செட்டைப் போட்டு விற்ற காசில்தான் பின்வரிசைப் பட்டறை ஓடியது. டீச்சர் கொடுத்த பணத்திலிருந்துதான் அண்ணாச்சிக்கே அந்த வாரக் கூலி கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் கை கழுவிக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, நாளைக்கு அது ஆடுச்சுன்னா நான்தான போவணும்?" கேலியாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. வேலை விவரம் கேட்கிற குரல். "நீங்கதான் அண்ணாச்சி" என்றேன். "அப்ப அதுல என்ன ஆணி போட்டிருக்கான், எப்படிக் கழட்டணும்னு இப்பமே காட்டிருங்க" என்றார். அரை மணி நேரம் ஒரு நாற்காலியைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகுகிற கழுந்தும் துளையும் இல்லாமல் உருளைக் குச்சியும் திருகும் மட்டுமே வைத்து எப்படி நிற்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடியிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். இறக்குமதிச் சாமான் இத்துப்போகும், நம் ஆசாரி வேலை தலைமுறைக்கும் நிற்கும் என்று நானும் கடையில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆடியது நாங்கள் செய்த மேசை.

2021 மார்கழி. தை பிறந்ததும் பால்காய்ப்பு, அதற்குள் மேசை வேண்டும் என்று ஒருவர் நின்றார். எங்களிடம் இருந்தது தூத்துக்குடியில் இறங்கிய கானா தேக்கு. மியான்மர் 2014 ஏப்ரலில் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பர்மா தேக்கு என்ற பேச்சே அரிதாகிவிட்டது. கானா, ஈக்வடார் என்று தோட்டத்தில் வளர்த்த மரம்தான் அதிகம் வருகிறது. இளம் மரம், ஓரத்து வெள்ளை அதிகம், நடுவில் இருக்கிற வைரம் குறைவு. அண்ணாச்சி பலகையில் கை வைத்துப் பார்த்து, "பச்சை தம்பி. சித்திரை வெயில் கண்டா வாயத் தொறக்கும்" என்றார். நான் தேதியைச் சொன்னேன். அவர் மரத்தைச் சொன்னார். கடைசியில் முதலாளி நான் என்பதால் தேதி ஜெயித்தது.

சித்திரை வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு அறையில் ஏ.சி. போட்டிருந்தார்கள். பங்குனியிலேயே மேல்பலகை இணைப்பில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி. வீட்டுக்காரர் சோற்றுப் பருக்கை உள்ளே போய் எறும்பு வருகிறது என்றார். அண்ணாச்சி போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அங்கே அவர்கள் பேசியதையெல்லாம் அவர்தான் கேட்டார், நானில்லை. புதுப் பலகைக்கான காசு என்னுடையது. பேர் கெட்டது அவருக்கு.

மலேசிய மேசை ஏன் ஆடவில்லை என்று பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ரப்பர் மரம் ஒன்றும் உயர்ந்த சாதி மரமில்லை. பால் வற்றியதும், இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டிப்போடுகிற மரம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும். அதை உடனே அறுத்து, போரான் மருந்தை உள்ளே ஏற்றி, சூடான அறையில் ஈரம் எட்டிலிருந்து பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வைக்கிறார்கள். துண்டு மரத்தையும் விரல் கோத்த மாதிரி வெட்டி ஒட்டி நீளமாக்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் உளியும் எந்திரமும். காயாத மரத்தில் கை வைப்பதே இல்லை. அண்ணாச்சி சொன்னதும் அதேதானே. மலேசியாவில் மூவார் என்கிற ஊர் பூராவும் இந்த வேலைதானாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்திலும் அதே ரப்பர் மரம் நிற்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் நிற்கிறது. அங்கே பெரும்பாலும் பிளைவுட்டுக்கும் பெட்டிச் சட்டத்துக்கும் போகிறது. அந்நிய மேசை என்று நான் திட்டியது பக்கத்து மாவட்டத்தில் நிற்கிற மரத்தில் செய்தது. நம்ம ஊர் மேசை என்று நெஞ்சில் கை வைத்து விற்றது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்தில் செய்தது. இதை யோசித்தால் நம்முடையது என்று நான் எதைச் சொல்லி விற்றேன் என்பதே குழம்புகிறது. மிஞ்சுவது அண்ணாச்சியின் கை மட்டும்தான். அந்தக் கையின் பேச்சைத்தான் நான் கேட்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் வரியை ஏற்று, இறக்குமதியைத் தடு என்று தீர்மானம் போடும்போது நானும் கை தூக்கியிருக்கிறேன். 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பர்னிச்சருக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டபோது பலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. ஆணை வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டுமில்லை, உள்நாட்டுச் சரக்குக்கும் சேர்த்துத்தான். டீச்சர் வீட்டு மேசையையும் அந்தப் பால்காய்ப்பு மேசையையும் சோதனைக்கு அனுப்பினால் எது தேறும் என்று எனக்குத் தெரியும்.

ஆறு பட்டறை சேர்ந்து மரம் காய வைக்கிற சீசனிங் அறை ஒன்று போடலாம் என்று பேசினோம். சிறுதொழில்கள் ஒன்றுசேர்ந்து கேட்கிற குழுமத் திட்டத்தில் பொது வசதி மையத்துக்கு அரசு மானியம் உண்டு. யார் இடத்தில் போடுவது என்பதில் இரண்டு கூட்டத்தோடு நின்றுபோயிற்று. இப்போது நான் செங்கோட்டைப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பிக் காய வைத்து வாங்குகிறேன். ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்றும் வாங்கினேன். விலை கூடுகிறது, நாள் ஆகிறது, சில பேர் திரும்பிப் போகிறார்கள். டைனிங் செட்டில் வெளிநாட்டுச் சரக்கோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டேன். சுவர் கோணலாக இருக்கிற வீடு, மாடிப்படிக்கு அடியில் மூன்றடி மூலை, தாத்தா காலத்துக் கட்டிலின் உடைந்த கால் என்று பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாத வேலைகளைத் தேடிப் போகிறேன். பிழைக்க இதுதான் வழி என்று நம்புகிறேன். அண்ணாச்சிக்கு அறுபத்து நாலு வயது, பட்டறையில் அடுத்து இளையவருக்கு நாற்பத்தெட்டு என்பதை நினைக்கும்போது அந்த நம்பிக்கையும் நிற்பதில்லை.

பில்லிலும் நாலு வரி சேர்த்தேன்: என்ன மரம், எங்கிருந்து வந்தது, ஈரம் எவ்வளவு, செய்தவர் யார். வெளிநாட்டு செட் விற்றால் அதையும் அப்படியே எழுதுகிறேன். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் படிப்பதில்லை.

டீச்சர் படித்தார். அடுக்களை அலமாரிக்கு அளவெடுத்து முடித்து, அதே மேசையில் உட்கார்ந்துதான் அட்வான்ஸ் ரசீது எழுதினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தவர், "செய்தவர்னு அண்ணாச்சி பேர் போட்டிருக்கே, நல்லாருக்கு. இந்த மேசை பில்லுல இது இல்லையே தம்பி?" என்றார்.

அண்ணாச்சி பக்கத்தில் நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த வழக்கம் இல்ல டீச்சர்" என்றேன்.