ஜிஞ்சருக்குள் ஒரு வேர்

ஜிஞ்சர் என்ற ஆங்கிலச் சொல் நம் இஞ்சியிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அடிக்கடி வருகிறது. விஷயம் சரிதான். ஆனால் அது போன வழியைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

போனது வெறும் இஞ்சி இல்லை, இஞ்சிவேர். அந்தப் பழைய தென்னாட்டுச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு சகரம் இருந்து, சிறகு இறகானது மாதிரி நம் பக்கம் உதிர்ந்துவிட்டது என்பது மொழியியலாளர்கள் கருத்து. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது சிங்கிவேர. சமஸ்கிருதத்தில் சிருங்கவேர என்று ஆக்கி, கொம்பு போன்ற உடல் உடையது என்று விளக்கம் சொன்னார்கள். கிளைவிட்ட இஞ்சியைப் பார்த்தால் கொம்பு தோன்றுவது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கடைசிப் பகுதி மண்ணுக்குள் இருக்கும் வேர்தான், உடல் இல்லை.

கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ். முதல் நூற்றாண்டிலேயே டயஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் தன் மருந்து நூலில் எழுதியிருக்கிறார். அதே காலத்து ரோமானியர் பிளினி, இது மிளகின் வேர் என்று சிலர் நினைப்பதை மறுத்திருக்கிறார். லத்தீனில் ஜிங்கிபெர், தாவரவியல் பெயரிலும் இன்றுவரை அதுதான். அரபியில் ஸன்ஜபீல், குர்ஆனில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்து வருகிறது. பழைய ஆங்கிலத்தில் ஜிஞ்சிஃபெர் என்று இருந்தது, பிரெஞ்சுக்காரர்கள் வாயிலும் புகுந்து வந்து ஜிஞ்சராகத் தேய்ந்தது. வேரில் இப்போது மிச்சம் இருப்பது அந்தக் கடைசி ர் மட்டும்தான். 1952-ல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் இந்த ஒரு சொல்லுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

என் மகள் ஜெர்மன் படிக்கிறாள். பாடப்புத்தகத்தில் காய்கறிப் பக்கத்தைக் காட்டி, "அப்பா, இங்வெர்னு போட்டிருக்கு, இஞ்சிவேர் மாதிரியே இல்ல?" என்றாள். எனக்குப் பெரிய சந்தோஷம். ஜெர்மன் தன் போக்கில் முதல் மெய்யை உதிர்த்துவிட்டு, வேரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு வியப்பு வேறொன்று. சொல் வடக்கு வழியாகத்தான் மேற்கே போனது, ஆனால் மும்பைச் சந்தையில் அதைக் காணோம். தாராவி 90 அடி சாலையில் நான் காய் வாங்கும் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். இஞ்சியை முறித்து நாரைக் காட்டி, "இது டீக்குத்தான் ஆகும், துவையலுக்கு இளசா எடுத்துக்கோங்க" என்பார். பக்கத்தில் நிற்கும் மராத்தி அக்கா ஆலே கேட்பார், இன்னொருவர் அத்ரக் கேட்பார். இரண்டுக்கும் மூலம் ஈரமானது என்று பொருள்படும் ஆர்த்ரக. இஞ்சி என்ற பெயர் அந்தக் கடையில் எனக்கும் அண்ணாச்சிக்கும் இடையில்தான் நடக்கிறது.